நேரத்தை விற்கும் வியாபாரம்: வீட்டில் சுடும் முழுக்கோதுமைப் புளிமாப் பாண்

பேக்கரி நடத்தும் எவரிடம் கேட்டாலும் பாணில் இலாபமில்லை என்றுதான் சொல்வார். மாவின் விலை, எரிபொருள், மின்கட்டணம், பாஸ்மாரின் சம்பளம், கடைகளில் விற்காமல் மறுநாள் திரும்பி வரும் பாண் என்று செலவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பாண் வாடிக்கையாளரைக் கடைக்குள் கொண்டு வருவதற்கு. பணமோ பணிஸிலும் கேக்கிலும் சோட் ஈட்ஸிலும் என்பதுதான் இத்தொழிலில் உள்ளவர்களின் பொதுவான பேச்சு.

அதே பாணை, அதே கோதுமையிலிருந்து, ஈஸ்டும் சீனியும் மாஜரினும் இல்லாமல் சுட்டு, சாதாரண பாணைப் போல இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கும் ஒரு தொழில் உலகின் பல நகரங்களில் நடைபெற்று வருகிறது. ஆங்கிலத்தில் அதற்கு சவர்டோ என்று பெயர். நாம் அதனைப் புளிமாப் பாண் என்று அழைக்கலாம். அப்பத்துக்கும் தோசைக்கும் மாவைப் புளிக்க வைக்கத் தெரிந்த எமது வீடுகளுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. ஒரு போத்தல், கொஞ்சம் ஆட்டா மா, தண்ணீர் ஆகியவற்றோடு இதனை ஆரம்பித்து விடலாம்.

ஆரம்பிப்பது இலகு என்பதால் இலாபமும் இலகு என்று எண்ணிவிடக் கூடாது. இந்தப் பாணின் விலையில் மாவுக்குரிய பங்கு சிறியது. வாடிக்கையாளர் மேலதிகமாகக் கொடுக்கும் பணம் அதற்குச் செலவான நேரத்துக்கே. அந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பவர் உழைப்பார்; எடுக்காதவர் எவ்வளவு அதிகமாக விற்கிறாரோ அவ்வளவுக்கு நட்டப்படுவார்.

பாணிலிருந்து நேரம் காணாமற் போன கதை

மனிதன் பாண் சுடத் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அக்காலத்தின் பெரும்பகுதியில் பாண் பொங்கியது இயற்கையான புளிப்பினாலும், கள், பியர் போன்ற பானங்களின் நுரையினாலும்தான். பழைய மாவில் ஒரு துண்டை எடுத்து வைத்து மறுநாள் மாவுடன் கலப்பார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போன்ற வேலை. மேல் எகிப்தின் கிராமங்களில் எய்ஷ் ஷம்ஸி எனப்படும் பாண் இன்றும் இவ்வாறே புளிக்க வைக்கப்பட்டு, வெயிலில் வைத்துப் பொங்க விடப்பட்டுச் சுடப்படுகிறது. எகிப்தியர் பாணுக்கு வைத்திருக்கும் எய்ஷ் என்ற சொல்லுக்கு வாழ்வு என்று பொருள்.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. புளித்தலுக்குக் காரணம் உயிருள்ள நுண்ணுயிர்களே என்பதை பிரான்ஸின் லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுகளில் நிறுவினார். 1868இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிளைஷ்மன் சகோதரர்கள் அழுத்திக் கட்டியாக்கிய ஈஸ்டை உற்பத்தி செய்து விற்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் எடுத்த வேலை சில மணித்தியாலங்களுக்குள் முடிந்தது. 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவூட் என்ற இடத்திலுள்ள ஆய்வு நிலையம், மாவை அதிவேக இயந்திரத்தில் சில நிமிடங்கள் அடித்து நீண்ட புளிப்பையே தவிர்க்கும் முறையைக் கண்டுபிடித்தது. மாவு மூட்டை அவிழ்த்ததிலிருந்து பாண் பொதியாவது வரை சில மணித்தியாலங்களே போதும் என்றாயிற்று.

இதனால் பாண் மலிவானது, ஏழைக்கும் கிடைத்தது. அதனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சுவையும், மணமும், இரண்டு மூன்று நாட்கள் தாங்கும் தன்மையும் நேரத்தோடு சேர்ந்து போய்விட்டன. இன்று சவர்டோவுக்கு அதிக விலை கொடுப்பவர், பாணிலிருந்து எடுக்கப்பட்ட அந்த நேரத்தைத் திரும்ப வாங்குகிறார். 2020இல் கொரோனாவினால் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது, கையில் நேரம் கிடைத்த இலட்சக்கணக்கானோர் முதலில் செய்து பார்த்த காரியங்களில் ஒன்று இந்தப் பாண்தான். பல நாடுகளில் மாவும் ஈஸ்டும் கடைகளில் கிடைக்காத அளவுக்கு வீட்டுப் பாண் பரவியது.

பாரிஸில் ஒரு குடும்பக் கடை

வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய உதாரணம் ஒன்று பாரிஸில் உள்ளது. 1932இல் பியர் பொலான் என்பவர் அங்கு ஒரு சிறிய பேக்கரியைத் திறந்தார். கல்லில் அரைத்த கோதுமை மா, கடல் உப்பு, புளிமா, விறகுப் போறணை ஆகியவற்றைக் கொண்டு ஏறத்தாழ 1.9 கிலோ நிறையுள்ள பெரிய வட்டப் பாணைச் சுட்டார். சுற்றியிருந்த பேக்கரிகள் வெள்ளை மாவில் நீண்ட பகெட் பாண்களைச் சுட்டுத் தள்ளிய காலத்திலும் அவர் தனது பாணை மாற்றவில்லை.

அவருக்குப் பின் மகன் லியோனல் தொழிலைப் பெருப்பித்தார். ஆனால் அவர் பெருப்பித்த விதம் வித்தியாசமானது. பெரிய இயந்திரம் ஒன்றை வாங்காமல், பாரிஸுக்கு வெளியே ஒரே கூரையின் கீழ் பல விறகுப் போறணைகளைக் கட்டி, ஒவ்வொன்றிலும் பழைய முறைப்படியே பாண் சுட வைத்தார். பாண்கள் விமானம் மூலம் வெளிநாடுகளுக்கும் சென்றன. 2002இல் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தபோது 18 வயதேயான மகள் அப்பொலோனியா பொறுப்பை ஏற்றார். கடை இன்றும் நடக்கிறது. பெரிய பாணைக் கூறு போட்டு, ஏழைக்குத் தேவையான அளவில் நிறுத்தும் விற்பார்கள் என்பது அக்கடையின் இன்னொரு சிறப்பு.

இங்கு கவனிக்க வேண்டியது, மூன்று தலைமுறையாக அவர்கள் வேகத்தில் போட்டியிடவில்லை என்பதுதான். எல்லோரும் மலிவாகச் செய்யும் ஒன்றை நாமும் மலிவாகச் செய்ய முற்பட்டால் பெரியவனே வெல்வான். பெரியவனால் அவசரமாகச் செய்ய முடியாத ஒன்றை எடுத்துக்கொண்டால் சிறியவனுக்கும் இடமுண்டு.

புளிமா: குறையாத முதல்

கோதுமை மாவிலும் காற்றிலும் எமது கைகளிலும் இயற்கையாகவே ஈஸ்டும், இலக்றிக் அமிலத்தை உண்டாக்கும் பக்றீரியாவும் இருக்கின்றன. மாவையும் நீரையும் கலந்து வைத்தால் இவை பெருகும். ஈஸ்ட் வாயுவை உண்டாக்கி மாவைப் பொங்க வைக்கும். பக்றீரியா புளிப்பையும் மணத்தையும் தரும்.

50 கிராம் ஆட்டா மாவையும் கொதித்து ஆறிய 50 கிராம் தண்ணீரையும் ஒரு கண்ணாடிப் போத்தலில் கலந்து, தளர்வாக மூடி வைக்க வேண்டும். 24 மணித்தியாலத்தின் பின் பாதியை எடுத்துவிட்டு மீண்டும் 50 கிராம் மாவும் 50 கிராம் நீரும் சேர்க்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் இவ்வாறு செய்வது நல்லது. எமது வெப்பத்தில் புளிப்பு விரைவாக ஏறிவிடும்.

இரண்டாம் நாளிலேயே நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்ந்து, நான்காம் நாளில் அசைவற்றிருப்பதைப் பார்த்துப் பழுதாகி விட்டது என்று பலர் கொட்டி விடுகிறார்கள். முதலில் பொங்கியது வேறு வகை பக்றீரியாவினால். மாவில் அமிலம் ஏறும்போது அது ஒடுங்கி, அமிலத்தைத் தாங்கும் ஈஸ்ட் மெதுவாகத் தலையெடுக்கும். இடையில் வரும் இந்த மந்த நாட்களில் பொறுமையாக மாவும் நீரும் கொடுத்து வந்தால் ஏழு முதல் பத்து நாட்களில் புளிமா தயாராகும். உணவு கொடுத்து நாலைந்து மணித்தியாலத்தில் இரண்டு மடங்காக உயர்ந்து, இதமான புளிப்பு மணம் வீசினால் அது பாண் சுடத் தகுதி பெற்று விட்டது. இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் நிறங்களோ பூஞ்சணமோ தென்பட்டால் மட்டும் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் பாண் சுடும்போது ஒரு கரண்டியை மீதம் வைத்தால் அது மறுபடியும் பெருகும். பிரிட்ஜில் வைத்து வாரம் ஒருமுறை உணவு கொடுத்தாலும் உயிரோடிருக்கும். எடுக்க எடுக்கக் குறையாத முதல் என்று இதனைச் சொல்லலாம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1849இல் ஆரம்பிக்கப்பட்ட பூடான் பேக்கரி, அன்றைய புளிமாவின் தொடர்ச்சியிலேயே இன்றும் பாண் சுடுவதாகக் கூறி, அதனையே தனது விளம்பரமாக்கிக் கொண்டுள்ளது. பெல்ஜியத்தின் சென்ற் வித் என்ற ஊரில் பல நாட்டுப் புளிமாக்களைப் பாதுகாக்கும் ஒரு நூலகமே இயங்குகிறது.

எடுத்துவிடும் பாதி மாவையும் வீணாக்கத் தேவையில்லை. புளிமா சீராகப் பொங்கத் தொடங்கிய பின் மிஞ்சுவதை ரொட்டி மாவுடன் சேர்த்துக் கொள்ளலாம்.

மாவைத் தெரிந்து வாங்குதல்

இலங்கையில் கோதுமை வியாபார ரீதியாக விளைவதில்லை. திருகோணமலையிலும் கொழும்பிலும் உள்ள ஆலைகளில் அரைபடும் தானியமும், நேரடியாக வரும் மாவும் டொலர் கொடுத்து வாங்கப்பட்டவை. 2022இல் டொலர் இல்லாமற் போனபோது மாவும் எரிவாயுவும் இன்றிப் பல பேக்கரிகள் அடுப்பை அணைத்ததை எமது வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். புளிமாப் பாணும் இதே இறக்குமதி மாவில்தான் தங்கியுள்ளது. ஆனால் ஒரு கிலோ மாவிலிருந்து கிடைக்கும் பெறுமதி இங்கு அதிகம். டொலர் கொடுத்து வாங்கும் பொருளில் எமது உழைப்பை எவ்வளவு கூடுதலாகச் சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு அது எமக்கு இலாபமாகும்.

கோதுமை மணியில் ஏறத்தாழ நூற்றுக்கு 83 பங்கு வெள்ளை மாப்பகுதி. தவிடு 14 பங்கு. மீதமுள்ள சிறு பங்குதான் முளை. வெள்ளை மாவில் தவிடும் முளையும் நீக்கப்படுகின்றன. முழுக்கோதுமை மாவில் மூன்றும் இருக்க வேண்டும். சந்தையில் ஆட்டா என்று வருவனவெல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. பொதியில் உள்ள விபரத்தை வாசித்து, நூற்றுக்கு நூறு முழுக்கோதுமையா, தவிடு கலந்த வெள்ளை மாவா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

முளையில் எண்ணெய் உண்டு. அதனால் முழுக்கோதுமை மா எமது வெப்பத்தில் விரைவாகச் சிக்கடிக்கும். விலை குறைகிறது என்று மூட்டைக் கணக்கில் வாங்கி அடுக்குவது இத்தொழிலில் பிழையான சிக்கனம். இரண்டு மூன்று வாரத் தேவைக்கு மட்டும் வாங்கி, காற்றுப் புகாத வாளியில், முடிந்தால் பிரிட்ஜில் வைப்பதே சரியானது.

செய்முறை: இரண்டு பாணுக்கு

பாண் சுடும்போது நீராவியாக நூற்றுக்கு 13 முதல் 15 வரை நிறை குறையும். 450 கிராம் பாண் வேண்டுமென்றால் 530 கிராம் மாக்கலவை அச்சுக்குள் போக வேண்டும். அதன்படி இரண்டு பாணுக்கான அளவு: முழுக்கோதுமை மா 530 கிராம், தண்ணீர் 410 கிராம், நன்கு பொங்கிய புளிமா 110 கிராம், உப்பு 11 கிராம். எல்லாவற்றையும், தண்ணீரையும் கூட, தராசில் நிறுக்க வேண்டும். கோப்பைக் கணக்கில் செய்தால் ஒரு நாளைய பாண் போல மறுநாளைய பாண் இராது. அவ்வாறு இராத பொருளை வாடிக்கையாளர் இரண்டாம் முறை வாங்க மாட்டார்.

ஒரு குடும்பத்தின் நாளாந்த வேலைகளுக்குள் இதனை அடக்கிக் கொள்ளலாம். லுஹருக்கு முன் புளிமாவுக்கு உணவு கொடுத்தால் அஸர் நேரத்தில் அது பொங்கியிருக்கும். அப்போது மாவையும் தண்ணீரையும் கலந்து அரை மணித்தியாலம் மூடி வைத்து, பின்னர் புளிமாவையும் உப்பையும் சேர்த்துப் பிசைய வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை, கையை நனைத்துக்கொண்டு, மாவின் ஓரங்களை இழுத்து நடுவில் மடித்துவிட வேண்டும். நான்கு தடவை போதும். ரொட்டிக்குப் போல அழுத்திப் பிசையத் தேவையில்லை. ஆட்டா மா ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மா சேர்த்தால் பாண் செங்கல்லாகிவிடும்.

இஷாவுக்குப் பின் பார்த்தால் மா ஒன்றரை மடங்கு உயர்ந்திருக்கும். நுவரெலியாவில் இதற்கு இரவு முழுவதும் எடுக்கலாம். மட்டக்களப்பு வெயிலில் நாலு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடலாம். எனவே கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பார்க்க வேண்டும். உயர்ந்த மாவை இரண்டாக நிறுத்துப் பிரித்து, உருட்டி, எண்ணெய் பூசிய அச்சில் போட்டு, மூடி பிரிட்ஜில் வைக்க வேண்டும். இரவு முழுவதும் குளிரில் மெதுவாகப் புளிப்பதால் சுவை கூடும். விடியற்காலையில் எழுந்து மாப் பிசையும் வேலையும் இல்லை.

சுபஹுக்குப் பின் மின் போறணையை 230 பாகை செல்சியஸுக்கு அரை மணித்தியாலம் சூடாக்கி, அச்சுகளைத் தடித்த ஈயத்தாளால் மேலே இடைவெளி விட்டு மூடி 25 நிமிடமும், மூடியை எடுத்து 210 பாகையில் 20 நிமிடமும் சுட வேண்டும். மூடுவதன் காரணம் நீராவி உள்ளே தங்கி, மேற்தோல் உடனே இறுகாமல் பாண் உயர இடம் கொடுப்பதாகும். வெந்த பாணின் உட்பகுதி 96 பாகைக்கு மேல் இருக்கும்.

சூட்டோடு வெட்டக் கூடாது. முழுக்கோதுமைப் பாண் உள்ளே இறுகுவதற்கு ஆகக் குறைந்தது மூன்று மணித்தியாலம் எடுக்கும். சூட்டோடு பொதி செய்தால் பைக்குள் வியர்த்து, இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும்.

வெப்ப நாடுகளில் பாணுக்கு வரும் இன்னொரு நோய் உண்டு. சுட்டு ஓரிரு நாளில் நடுப்பகுதி பிசுபிசுத்து, பிய்த்தால் நூல் விட்டு, அழுகிய பழம் போல மணக்கும். போறணையின் சூட்டிலும் சாகாத ஒருவகை பக்றீரியாவின் வித்துகளே இதற்குக் காரணம். முழுக்கோதுமையில் இந்த வித்துகள் அதிகம். ஆனால் அமிலம் உள்ள மாவில் இவை வளர முடியாது. பேக்கரிகள் இதற்காக வினாகிரியோ வேறு இரசாயனமோ சேர்க்கின்றன. நன்கு புளித்த புளிமாப் பாணுக்குத் தன்னிடமுள்ள அமிலமே காவல்.

கணக்கு எழுதும் இடம்

பின்வரும் விலைகள் உதாரணத்துக்கு மட்டுமே. வாசகர்கள் தத்தமது ஊரின் இன்றைய விலைகளைப் போட்டுக் கணக்குப் பார்த்துக் கொள்ள வேண்டும். முறைதான் முக்கியம்.

ஆட்டா மா கிலோ 300 ரூபா என்று வைத்துக் கொள்வோம். புளிமாவுக்குப் போடும் மா, உப்பு எல்லாம் சேர்த்து இரண்டு பாணுக்கு 200 ரூபா. பாண் ஒன்றுக்கு 100. மின்சாரம் இரண்டு அலகு, அலகு 50 ரூபா வீதம் 100. பாண் ஒன்றுக்கு 50. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால், பாண் சுடும் அலகுகளுக்குக் கடைசிப் படியின் விலையையே போட வேண்டும். சராசரி விலையைப் போடக் கூடாது. பொதி செய்யும் பை 25 ரூபா.

இதுவரை 175 ரூபா. பெரும்பாலானோர் இங்கேயே கணக்கை மூடிவிட்டு, 250 ரூபாவுக்கு விற்று 75 ரூபா இலாபம் என்று மகிழ்கிறார்கள். மாப் பிசைந்தது, நான்கு தடவை மடித்தது, உருட்டியது, சுட்டது, கழுவியது யார்? வீட்டிலுள்ள மனைவியோ மகளோ. கையால் செய்யும் வேலையை மட்டும் கூட்டினால் ஒரு மணித்தியாலம் வரும். மணித்தியாலத்துக்கு 300 ரூபா போட்டால் பாண் ஒன்றுக்கு 150. ஆக 325. பத்தில் ஒன்று பழுதாகும் அல்லது விற்காமல் மிஞ்சும் என்று கொண்டால் 361. அச்சு, போறணை தேய்மானத்துக்கும் கொண்டு போய்க் கொடுக்கும் செலவுக்கும் 40 ரூபா சேர்த்தால் ஏறத்தாழ 400 ரூபா.

ஆகவே 250க்கு விற்பவர் 75 ரூபா உழைக்கவில்லை. 150 ரூபா இழக்கிறார். அந்த 150 ரூபாவைத் தனது வீட்டுப் பெண்ணின் உழைப்பிலிருந்து எடுத்து வாடிக்கையாளருக்கு அன்பளிப்புச் செய்கிறார் என்பதுதான் உண்மை. வெளியாள் ஒருவரை வேலைக்கு வைத்தால் கொடுக்கும் சம்பளத்தை வீட்டாருக்கும் எழுதாத கணக்கு, எந்தத் தொழிலிலும் பிழையான கணக்கு.

இனி, செலவைக் குறைக்கும் வழியைப் பார்ப்போம். அதே சூட்டில் அடுத்தடுத்து இரண்டு முறை சுட்டால் போறணையை மறுபடி சூடாக்கும் செலவு இல்லை. நான்கு பாணுக்கு மின்சாரம் நான்கு அலகாகாமல் மூன்றேகால் அலகளவில் நிற்கும். வேலை நேரமும் இரண்டு மணித்தியாலமாகாது. ஒன்றரை மணித்தியாலம் போதும். இதன்படி கணக்கிட்டால் பாண் ஒன்றின் அடக்கவிலை 400இலிருந்து 350 அளவுக்கு இறங்கும். மலிவான மாவைத் தேடி அலைவதால் கிடைக்கும் சேமிப்பைவிட இது அதிகம்.

யார் வாங்குவார்கள்?

காலையில் சூன் பாண் ஓட்டோ வரும் தெருவில் நின்று, அதே வாடிக்கையாளருக்கு இதனை விற்க முடியாது. வயிற்றுக்குப் பாண் தேடுபவருக்குச் சாதாரண பாணே போதும். அவரிடம் இதனைத் திணிப்பது நியாயமுமல்ல.

இதனை வாங்கக் கூடியவர்கள் மூன்று வகையினர். வெள்ளை மாவைக் குறைக்கும்படி வைத்திய ஆலோசனை பெற்று, முழுத் தானிய உணவைத் தேடும் குடும்பங்கள் முதல் வகை. கொழும்பு போன்ற நகரங்களின் கோப்பிக் கடைகளும் சிற்றுண்டிச்சாலைகளும் இரண்டாம் வகை. உல்லாசப் பயணிகள் தங்கும் இடங்கள் மூன்றாம் வகை. பொத்துவில் அறுகம்பேயில் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையும், வெலிகம முதல் காலி வரையான தென் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரையும் பருவகாலம். தமது நாட்டில் தினமும் சவர்டோ உண்டு பழகியவர்கள் அங்கு வந்து தங்குகிறார்கள். இவ்விரு கரைகளிலும் எமது மக்கள் காலங்காலமாக வாழ்ந்து வருகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்று வகையினருக்கும் பொதுவான விதி, கட்டளையை முதலில் பெற்று, பின்னர் சுடுவது. சாதாரண பேக்கரியை அரிப்பது திரும்பி வரும் பாண்தான். இரவில் மா பிரிட்ஜுக்குள் போகும்போதே ஒவ்வொரு அச்சுக்கும் ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சுடுவது என்று தீர்மானித்தால் வாடிக்கையாளரும் அதற்குப் பழகிக்கொள்வார். பலசரக்குக் கடைக்காரர்களும், விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பம் என்ற பழைய முறையை இதில் கேட்காமல், முதல் நாளே எண்ணிக்கை சொல்லி வாங்கினால் இரு தரப்புக்கும் நல்லது.

பெயரும் நிறையும்

அதிக விலைக்கு விற்கும் பொருளில் நம்பிக்கைதான் சரக்கு. இங்கிலாந்தில் ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்து, வினாகிரியோ காய்ந்த புளிமாத் தூளோ சேர்த்துச் சவர்டோ என்று விற்பது பெரும் சர்ச்சையாகியுள்ளது. பிரான்ஸோ 1993ஆம் ஆண்டின் சட்டத்தில், புளிமாப் பாண் என்ற பெயரில் விற்பதற்கு அதன் அமிலத்தன்மை எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதையே வரையறுத்து விட்டது. எமது நாட்டிலும் மண்ணிறமாக இருப்பதெல்லாம் முழுக்கோதுமை அல்ல. பாதி வெள்ளை மா கலந்தால் பாண் மெதுவாக வரும்; அதில் தவறில்லை. ஆனால் பொதியில் பாதிக்குப் பாதி என்று எழுத வேண்டும்.

நிறையிலும் கண்டிப்பு வேண்டும். ஒரு இறாத்தல் பாண் 450 கிராமும் அரை இறாத்தல் 225 கிராமும் இருக்க வேண்டுமென நுகர்வோர் விவகார அதிகார சபை 2024இல் வர்த்தமானி மூலம் அறிவித்தது. மேலே தந்த 530 கிராம் கணக்கு அதற்காகவே.

மருந்து போல விளம்பரம் செய்யவும் கூடாது. நீண்ட புளிப்பு, தவிட்டிலுள்ள பைற்றிக் அமிலத்தைக் குறைத்து இரும்பு, நாகம் போன்ற தாதுக்கள் உடலில் சேர உதவுகிறது என்பது அறியப்பட்ட விடயம். ஆனால் இது நீரிழிவைக் குணப்படுத்தும் பாண் அல்ல. அளவுக்கு மேல் உண்டால் இதுவும் சீனியை ஏற்றும். குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிகள் இதனை உண்ணவே கூடாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவைப் பற்றித் தவறான எண்ணத்தைத் தரும் விளம்பரத்தைக் குற்றமாகக் கொள்கிறது. விற்பனையை ஒழுங்காக ஆரம்பிக்கும் முன் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் உள்ளூராட்சி மன்றத்தையும் அணுகி, வீட்டுச் சமையலறைக்குரிய நிபந்தனைகளைக் கேட்டறிந்து கொள்வது பிற்காலச் சிக்கல்களைத் தவிர்க்கும்.

கடனுக்கு முன் போத்தல்

புதிய தொழில் என்றதும் வங்கிக்கடன், பெரிய போறணை, மா பிசையும் இயந்திரம், பெயர்ப்பலகை என்று ஆரம்பிப்பது எம்மவரிடையே உள்ள வழக்கம். இத்தொழிலில் அது தலைகீழான வழி. முதல் மாதம் புளிமாவை வளர்த்து வீட்டுக்கு மட்டும் சுட வேண்டும். இரண்டாம் மாதம் அடக்கவிலையை எழுதிப் பார்த்து, அயலிலும் உறவிலும் காசுக்கே கொடுக்க வேண்டும். இலவசமாகக் கொடுத்தால் எல்லோரும் நல்ல பாண் என்பார்கள். காசு கொடுத்து இரண்டாம் முறை கேட்பவரே வாடிக்கையாளர். வாரத்துக்கு இருபது பாணுக்கு நிலையான கட்டளை வந்து, வீட்டுப் போறணை போதாது என்ற நிலை ஏற்பட்ட பின்னரே அடுத்த போறணையைப் பற்றி யோசிக்கலாம்.

இதில் பெரும் பணம் வந்து குவியும் என்று எவரும் எண்ண வேண்டாம். நேர்மையாகக் கணக்கெழுதினால் ஒரு வீட்டின் மின்கட்டணத்தையும், பிள்ளைகளின் டியூஷன் காசையும் கொடுக்கக்கூடிய ஒரு சிறு வருமானம். அந்தக் கணக்கில் மாவுக்கு எழுதும் வரிக்குப் பக்கத்திலேயே, பிசைந்த கைக்கும் ஒரு வரி எழுதப்பட்டிருக்க வேண்டும்.